வட்ட மேசையில் சாப்பிட்டவர்

கதவைத் திறந்தபோது வாழையிலையில் மீன் முள் மட்டுமே மிச்சம் இருந்தது.

முள்ளும் கண்டபடி கிடக்கவில்லை. இலையின் ஓரமாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. சோற்றில் ஒரு பருக்கைகூட இல்லை. சப்பிய முருங்கைக்காய்ச் சக்கை தனியாகக் குவிக்கப்பட்டிருந்தது. தயிர்க் கிண்ணம் வழித்து எடுத்த மாதிரி வெறுமையாக இருந்தது. குவளையில் வைத்த தண்ணீரும் குறைந்திருந்தது.

இலைக்கு அந்தப் பக்கத்தில் தரணியின் அப்பா எங்களைப் பார்த்தபடி இருந்தார். விடுதியின் அச்சு இயந்திரத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். மை சரியில்லாததால் நெற்றிக்குக் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருந்தது. திருநீறு என்று நினைத்துக்கொள் என்று நான்தான் தரணியைச் சமாதானப்படுத்தியிருந்தேன்.

அந்தச் சாப்பாடு அவருக்காகப் படைத்தது. அவர் இறந்து ஒரு கிழமைக்கு மேலாகியிருந்தது. அந்தக் கட்டடத்தில் எங்கள் இருவரைத் தவிர வேறு ஒருவரும் இல்லை. அப்படித்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

தரணி கத்தவில்லை. வாசலில் நின்றபடியே என் கையைப் பிடித்தாள்.

"அப்பா சாப்பிட்டிட்டார், ரெஜி" என்றாள்.

அவளுடைய கை சூடாக இருந்தது. என்னுடைய கைதான் ஐஸ்கட்டியாகிப் போயிருந்தது.

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு நான் எதையும் இலேசில் நம்பாதவள் என்று தெரிந்திருக்கும். மட்டக்களப்பில் ஒரு கத்தோலிக்க வீட்டில் பிறந்தவள். பேய்க்குப் பயப்படுவதை விடப் பாவசங்கீர்த்தனத்துக்குப் பயந்து வளர்ந்தவள். ஆனாலும் அன்றைக்கு அந்த அறைக்குள் முதலில் கால் வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. தரணிதான் போனாள். போய் இலையைத் தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

விடுமுறைக்கு மூடிய விடுதி

அந்தக் கல்லூரி மொன்றியல் தீவின் மேற்குப் பக்கத்தில் இருந்தது. பெயர் வேண்டாம். மிகச் சிறிய கல்லூரி. ஒருவர் தும்மினால் மறுநாள் எல்லோருக்கும் தடிமன் பிடிக்கும் அளவுக்குச் சிறியது.

சிறிய இடங்களுக்கே உரிய பெருமை அதற்கும் இருந்தது. சேர்ந்த முதல் நாள் எங்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். பியானோ அறை, நீச்சல் குளம், எல்லாச் சமயத்தவரும் போய் இருக்கலாம் என்ற தியான அறை, பிறகு விடுதியிலிருந்து சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகும் நிலத்தடிப் பாதை. பனிக்காலத்தில் குளிர் அங்கி இல்லாமலே போய்ச் சாப்பிட்டு வரலாம் என்று சொன்னபோது எங்களுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. அப்போது ஆவணி மாதம். நாங்கள் இரண்டு பேரும் மெல்லிய சட்டையோடு நின்றோம்.

விடுதி பழைய கல் கட்டடம். சூடாக்கிக் குழாய்கள் சுவருக்குள் ஓடும். நீராவி ஏறும்போது யாரோ உள்ளே அகப்பட்டுக்கொண்டு அடிப்பதுபோல டங், டங் என்று சத்தம் போடும். புதிதாக வந்தவர்கள் முதல் கிழமை நித்திரை கொள்ள மாட்டார்கள். பிறகு அந்தச் சத்தம் இல்லாவிட்டால்தான் நித்திரை வராது.

எங்கள் மாடியில் நாங்கள் சமைக்கிற குசினிக்குப் பக்கத்தில் ஒரு பொது அறை. அதன் நடுவில் ஒரு வட்ட மேசை. அந்த மேசைக்கு ஒரு சட்டம் இருந்தது. எங்கும் எழுதி வைத்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். பெயர் ஒட்டாமல் அதில் வைத்த சாப்பாட்டை யாரும் எடுத்துச் சாப்பிடலாம். கேட்கத் தேவையில்லை. நன்றியும் சொல்லத் தேவையில்லை.

இது தெரியாத காலத்தில் நகரின் இன்னொரு பகுதியான லாசாலில் இருக்கும் என் சித்தி கொடுத்துவிட்ட முறுக்கை அங்கே வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் பெட்டிக்குள் எள்ளு மட்டும்தான் கிடந்தது. யாரை நோவது?

மார்கழி பிறந்ததும் சோதனை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். விடுமுறைக்கு விடுதி மூடப்படும். போக இடமில்லாதவர்கள் முன்கூட்டியே அனுமதி எடுத்தால் தங்கலாம். அந்த வருடம் அனுமதி எடுத்தது நானும் தரணியும்தான். சித்தி தன் வீட்டுக்கு என்னை வரச்சொன்னார். தரணியைத் தனியே விட்டுப் போக எனக்கு மனமில்லை. அவளோ தன்னுடைய படிப்பு அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தாள். அது வந்து சேரும்வரை நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை.

காலையில் ஒரு காவலாளி வருவார். கீழ்த்தளத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, "எல்லாம் சரியா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அதன் பிறகு அந்தக் கட்டடம் முழுவதும் எங்களுக்குத்தான்.

கேத்தில் சுடுகிறது

வெறும் கட்டடம் ஒன்றில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒருநாளும் வெறுமையாக இருக்காது.

நடைவழி விளக்குகள் ஆள் நடமாட்டம் கண்டால் தானாக எரியும், ஆள் போனதும் தானாக அணையும். மின்சாரம் மிச்சம் பிடிக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாங்கள் குசினியில் நின்று பருப்பு அவித்துக்கொண்டிருக்கும்போது நடைவழியின் அந்தக் கடைசியில் ஒரு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் எரிந்துவிட்டு அணைந்தது. அங்கே மாடிப்படிகள் இருந்தன. ஆள் இல்லை.

"எலியாயிருக்கும்" என்றேன் நான்.

"எலிக்கு லைற் எரியுமோ?" என்றாள் தரணி.

"கனடா எலி. நம்மட எலி மாதிரி இல்ல."

இன்னொரு நாள் தேத்தண்ணி போடப் போனவள் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்திலைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்தாள். "ரெஜி, நீ இப்ப தேத்தண்ணி போட்டனியோ?"

"நான் போடல்ல. ஏன்?"

"கேத்தில் சுடுது."

நான் வந்து தொட்டுப் பார்த்தேன். சுட்டது. சூடாக்கிக்குப் பக்கத்தில் வைத்தால் சுடத்தானே செய்யும் என்றேன். கேத்தில் சூடாக்கிக்குப் பக்கத்தில் இருக்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

பிறகு குளியலறையின் தரையில் ஈரக் கால் தடம் இருந்தது. என்னுடையதை விடச் சிறியது, தரணியினதை விட நீளமானது. நான் அதைத் துணியால் துடைத்துவிட்டு அவளிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன். பயந்தவளை மேலும் பயப்படுத்துவானேன் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், சொல்லாதவரைக்கும் அது நடக்கவில்லை என்று நானே நம்பிக்கொள்ளலாம் என்பதற்காகத்தான்.

இந்த நிலையில்தான் திருகோணமலையிலிருந்து அந்தச் செய்தி வந்தது.

திறப்பு மாஸ்டர்

தரணியின் அப்பாவும் ஒரு விடுதியில்தான் வாழ்க்கையைக் கழித்தவர். திருகோணமலையில் ஒரு பாடசாலை விடுதிக்குப் பொறுப்பாளராக, வோடனாக இருந்தார். தூரத்துக் கிராமங்களிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் நிறைந்த விடுதி. யுத்த காலத்தில் வீட்டுக்குப் போக வழியில்லாமல் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்த பிள்ளைகளும் இருந்தார்களாம்.

அவருடைய இடுப்பில் எப்போதும் ஒரு திறப்புக்கொத்து, அறைச் சாவிகளெல்லாம் கோத்த வளையம், தொங்கும். பொழுது சாய்ந்து மைமலானதும் நடைவழியில் நடந்து ஒவ்வொரு அறைக் கதவையும் ஒரு திறப்பால் தட்டுவார். கையால் தட்ட மாட்டார். தட்டிவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "சாப்பிட்டாச்சோ?" உள்ளேயிருந்து "ஓம் சேர்" என்று பதில் வரவேண்டும். வராவிட்டால் கதவைத் திறந்து பார்ப்பார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் திறப்பு மாஸ்டர்.

கடைசிப் பிள்ளையும் சாப்பிட்டு முடிந்த பிறகுதான் அவர் தன் சாப்பாட்டுக் கோப்பையில் கை வைப்பார். அது அவர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு விரதம் மாதிரி.

இதையெல்லாம் தரணி எனக்குப் பெருமையாகச் சொன்னாள் என்று நினைக்காதீர்கள். அவள் சொன்னது வேறு விதம்.

"ஊரில உள்ள பிள்ளையள் எல்லாரிட்டயும் கேட்டவர். என்னட்ட ஒருநாளும் கேட்டதில்லை" என்றாள். "அவர் வீட்ட வரேக்க நான் சாப்பிட்டுப் படுத்திடுவன். எங்கட கதவை ஏன் தட்டப்போறார்? எங்கட வீட்டுக் கதவுக்குத் திறப்பு இல்லைத்தானே."

வந்த செய்தி இதுதான்: அவருக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. தரணி செத்த வீட்டைத் தொலைபேசித் திரையில் பார்த்தாள். யாரோ ஓர் ஒன்றுவிட்ட அண்ணன் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கை வலித்தபோதெல்லாம் படம் சரிந்து கூரையைக் காட்டியது. பழைய விடுதிப் பிள்ளைகள் வரிசை வரிசையாக வந்து அழுதார்கள். தலை நரைத்த ஆண்கள்.

"பார், எல்லாரும் வந்திருக்கினம்" என்றாள் தரணி. "நான் மட்டும் இல்லை."

அவள் அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

முச்சந்தியில் கிடந்த சோறு

எங்கள் கத்தோலிக்க வீடுகளில் இறந்தவருக்காகப் பூசை ஒப்புக்கொடுப்போம். அவர்களுடைய வழக்கம் வேறு. செத்து எட்டாம் நாள் அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, மைமல் நேரத்தில் இலையில் படைப்பார்கள். விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். அவர் வந்து சாப்பிடுகிற நேரத்தில் ஒருவரும் பார்க்கக் கூடாது. பிறகு அதில் ஒரு பங்கை முச்சந்தியில் கொண்டுபோய் வைப்பார்கள். காகமோ நாயோ தின்றால் அவர் வயிறு நிறைந்தார் என்று அர்த்தம்.

எட்டுப் படைத்ததற்கு மறுநாள் விடிய தரணியின் அம்மா அழைத்தார். அங்கே விடிய என்றால் எங்களுக்கு முதல் நாள் பின்னேரம்.

"பிள்ளை, வச்சது வச்ச மாதிரிக் கிடக்கு" என்று அம்மா அழுதது எனக்கும் கேட்டது. "நாய்கூட மணந்து பார்த்திட்டுப் போட்டுது. அவர் தொடேல்லை. அவர் இஞ்ச இல்லைப் பிள்ளை. உன்னைத் தேடி வந்திட்டார். நீதான் அவருக்குச் சாப்பாடு போட வேணும்."

தரணி தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு நடைவழியைப் பார்த்தாள். அந்தக் கடைசியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது.

"என்னைத் தேடி வந்திருக்கிறார்" என்றாள். அவளுடைய குரலில் பயம் இல்லை. சந்தோஷம் மாதிரி ஒன்று இருந்தது. அவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒருநாளும் கதவைத் தட்டாத அப்பா கடல் கடந்து வந்து மகளுடைய கதவடியில் நிற்கிறார். இறந்த பிறகாவது.

மறுநாள் பஸ் ஏறி லாசாலுக்குப் போனோம். தமிழ்க் கடையில் உறைந்த வாழையிலை, சூரை மீன், முருங்கைக்காய் எல்லாம் வாங்கினோம். வாழையிலை பலகை மாதிரி விறைத்துப் போயிருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது என் முழங்கால் மரத்துவிட்டது.

தரணி தனியாகவே சமைத்தாள். உப்புக்கூடப் பார்க்கவில்லை. படைக்கிற சமையலை நாக்கில் வைக்கக் கூடாதாம்.

எங்கே படைப்பது? தியான அறை பூட்டியிருந்தது. எங்கள் அறையில் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் கால் வைக்கவே இடமில்லை. அதனால் பொது அறையின் வட்ட மேசையில் வைத்தோம். அந்த மேசையின் சட்டம் எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் எடுத்துச் சாப்பிட ஆள் இருந்தால்தானே சட்டம். இலைக்குப் பெயர் எழுதி ஒட்ட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

விளக்கேற்ற முடியாது. ஒரு நெருப்புக்குச்சி கிழித்தால் புகை மணி அலறி, தீயணைப்புப் படை வந்துவிடும். பற்றரி விளக்கை வைத்தோம். வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அந்த ஊரில் மார்கழியில் மைமல் அவசரப்பட்டு வரும். பனி சாம்பல் நிறமாக விழுந்துகொண்டிருந்தது.

கதவைச் சாத்திவிட்டு நடைவழியின் மறு முனையிலிருந்த எங்கள் அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டு இருந்தோம். கொஞ்ச நேரத்தில் எங்கோ மேலே ஒரு சத்தம் கேட்டது. டங், டங்.

"கேக்குதா?" என்றாள் தரணி.

"குழாய்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். ஒரு மணி நேரம் அளவில் காத்திருந்துவிட்டு எழுந்து போய்ப் பொது அறைக் கதவைத் திறந்தபோது நாங்கள் கண்டதைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

மூன்றாம் மாடி

தரணி அன்று அம்மாவோடு நெடுநேரம் கதைத்தாள். "ஓம் அம்மா, முழுக்கச் சாப்பிட்டவர். முள்ளைக்கூட ஒதுக்கி வச்சிருக்கிறார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்பா இறந்த பிறகு அன்றைக்குத்தான் அழுதாள். அழுதுவிட்டு நன்றாக நித்திரை கொண்டாள். எனக்குத்தான் நித்திரை இல்லை.

இரண்டொரு நாள் கழித்துக் காலையில் உடுப்புத் தோய்க்கக் கீழே போனேன். சலவை அறையில் உலர்த்தும் இயந்திரத்துக்குள் ஒற்றைக் கம்பளிக் காலுறை கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். இளம் சூடாக இருந்தது.

பேய்க்குக் காலுறை தேவையில்லை. அந்த ஒரு எண்ணம்தான் என்னை மாடிப்படி ஏற வைத்தது.

மூன்றாம் மாடியில் நான் கால் வைத்ததும் விளக்கு எரிந்தது. வரிசையாக மூடிய கதவுகள். ஒன்றன் கீழ் இடுக்கில் ஒரு துவாய் சுருட்டி அடைக்கப்பட்டிருந்தது. வெளிச்சம் தெரியாமல் இருக்க. நான் கையால் தட்டினேன். பதில் இல்லை. "நான் காவலாளி இல்லை, கீழ் மாடியில் இருப்பவள்" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். நீண்ட நேரம் கழித்துக் கதவு திறந்தது.

நொயெமி. எங்களோடு ஒரு வகுப்பில் இருந்த பிள்ளை. வடக்கே, பஸ்ஸில் ஒரு நாள் முழுக்கப் போகவேண்டிய ஒரு சுரங்க ஊரைச் சேர்ந்தவள். முகம் வெளிறி, கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

அவளுடைய அம்மாவும் அப்பாவும் பிரிந்து வேறு வேறு குடும்பமாகிவிட்டார்கள். விடுமுறைக்கு அப்பாவிடம் போகிறேன் என்று அம்மாவுக்குச் சொன்னாள். அம்மாவிடம் போகிறேன் என்று அப்பாவுக்குச் சொன்னாள். இரண்டு பேரும் சரி என்றார்கள். ஒருவரும் மற்றவரிடம் கேட்டுப் பார்க்கவில்லை. அனுமதி கேட்டால் காரணம் சொல்ல வேண்டிவரும் என்று வெட்கப்பட்டு ஒளிந்திருந்தாள். பிடிபட்டால் அறை போய்விடும். பக்கத்துத் தெரு டெப்பனர் கடையில் வாங்கி வைத்த பிஸ்கட்டும் ரொட்டியும் முடிந்துபோயிருந்தன. இந்தக் காலத்தில், எல்லா வசதியும் உள்ள ஒரு கல்லூரியில், ஒரு பிள்ளை பட்டினி கிடந்தாள்.

கேத்தில், கால் தடம், விளக்கு எல்லாவற்றுக்கும் தான்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டாள். எனக்கு மூச்சு வந்தது. சிரிப்பும் வந்தது.

"அப்போ மேசையில் இருந்த சாப்பாடும் நீதானே?"

"நான்தான். வட்ட மேசையில் இருந்தது. பெயர் இல்லை" என்றாள். "கரண்டியும் இல்லை. கையால் சாப்பிட்டேன். அந்தப் பச்சைத் தடியை விழுங்க முடியவில்லை, துப்பிவிட்டேன். படத்தில் இருந்தவர் நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டு எத்தனையோ நாள். முடித்ததும் அவருக்கு நன்றி சொன்னேன்."

அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். நான் எழும்பப் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"என்னைக் கூப்பிட யாரை அனுப்பினீர்கள்?" என்று கேட்டாள்.

"எப்போது?"

"அன்றைக்கு. இந்தக் கதவை யாரோ தட்டினார்கள். காவலாளி என்று பயந்து மூச்சுக் காட்டாமல் இருந்தேன். ஓர் ஆணின் குரல் ஏதோ கேட்டது. எனக்கு விளங்கவில்லை. பிறகு மெல்லத் திறந்து பார்த்தேன். ஆள் இல்லை. ஆனால் நடைவழி விளக்கு படிவரைக்கும் எரிந்துகொண்டிருந்தது. கீழேயிருந்து சாப்பாட்டு மணம் வந்தது. அதனால்தான் இறங்கி வந்தேன்."

"குழாய்ச் சத்தமாக இருக்கும்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"குழாய்ச் சத்தம் எனக்குத் தெரியும். இது கதவில். கையால் தட்டினது மாதிரி இல்லை." அவள் மேசையிலிருந்து தன் அறைத் திறப்பை எடுத்துக் கட்டில் சட்டத்தில் தட்டிக் காட்டினாள். "இந்த மாதிரி."

நான் அவளிடம் திறப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. மறைத்துப் பயனில்லை என்று படத்தில் இருந்தவர் யார், என்ன வேலை பார்த்தார் என்பதை அவளுக்குச் சொன்னேன்.

"அவர் என்ன கேட்பார்?"

"சாப்பிட்டாயா என்று கேட்பார்."

"நான் பதில் சொல்லவில்லையே" என்றாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

அடுத்த வீட்டுப் பிள்ளை

இதைத் தரணியிடம் எப்படிச் சொல்வது? அப்பா உன்னைத் தேடி வரவில்லை, சாப்பிட்டது மேல் மாடிப் பிள்ளை என்றா? அல்லது, வந்தார், ஆனால் இங்கேயும் உன் கதவைத் தட்டவில்லை, யாரோ பெற்ற பிள்ளையின் கதவைத்தான் தட்டினார் என்றா? எது கூடுதலாக வலிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லாமல் விட்டேன். நொயெமிக்கு நானே ஒளித்து ஒளித்துச் சாப்பாடு கொண்டுபோனேன். வட்ட மேசையில் எது இருந்தாலும் தொடாதே என்றும் சொல்லி வைத்தேன்.

பெரிய கெட்டித்தனம் என்று நினைத்தேன். அது வேறு விதமாகப் போனது.

தரணி தினமும் மைமலானதும் அப்பாவுக்கு ஒரு கோப்பை போட்டு வட்ட மேசையில் வைக்கத் தொடங்கினாள். கதவைச் சாத்திவிட்டு வந்து அறையில் இருப்பாள். திரும்பிப் போய்ப் பார்த்தால் சாப்பாடு அப்படியே இருக்கும். அவள் தன் கோப்பையையும் தொடாமல் மூடி வைத்துவிடுவாள்.

"அவர் சாப்பிடாமல் நான் எப்பிடிச் சாப்பிடுறது?" என்றாள். "கோவமாக்கும். வந்த நாளில நான் கதவைத் திறந்து பார்க்கேல்லை எண்டு கோவம்."

கண்ணெதிரே அவள் மெலிந்துகொண்டு போனாள். ஒரு நாள் குசினியில் நின்றவள் தலை சுற்றி அடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நான் பொறுக்கவில்லை. அவளை நாற்காலியில் இருத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். நொயெமி, காலுறை, முருங்கைக்காய், திறப்பு, விளங்காத அந்தக் குரல், ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் மடியில் கிடந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய் ஒன்று எங்கோ தட்டிவிட்டு ஓய்ந்தது.

"அந்தப் பிள்ளை எத்தனை நாளாச் சாப்பிடேல்லையாம்?" என்று கேட்டாள்.

"சரியாத் தெரியா. கன நாள்."

"அதுதான் ஊரில தொடேல்லை" என்றாள் மெதுவாக. "கடைசிப் பிள்ளை சாப்பிடாமல் அவர் கை வைக்க மாட்டார்."

பிறகு அவள் சிரித்தாள். அப்பாவைப் பற்றிக் கதைக்கும்போது அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"என்ர கதவைத் தட்டியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டன், ரெஜி. நீ சொல்லுற மாதிரிக் குழாய் எண்டுதான் நினைச்சிருப்பன். அடுத்த வீட்டுப் பிள்ளையின்ர கதவைத் தட்டினதெண்டால் அது அப்பாதான். வேற ஆரும் இல்லை."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மூடி வைத்திருந்த இரண்டு கோப்பையையும் மைக்ரோவேவில் சூடாக்கினாள். ஒன்றை என்னிடம் தந்து, மற்றதைத் தான் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். நான் பின்னால் போனேன். எங்களுக்கு முன்னே விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

துவாய் அடைத்திருந்த கதவைக் காட்டினேன். தரணி தட்டுவதற்குக் கையை உயர்த்தினாள். பிறகு ஏதோ நினைத்தவளாகக் கையைக் கீழே விட்டு, சட்டைப் பையிலிருந்து தன் அறைத் திறப்பை எடுத்தாள். அதனால் கதவில் தட்டினாள். அந்தக் கேள்வியைக் கேட்க வாயைத் திறந்தாள். அவளால் முடியவில்லை.

சோற்றின் ஆவி மட்டும் எங்கள் முகத்தில் பட்டுக்கொண்டிருந்தது.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. கதவுக்குப் பின்னால் நொயெமி வந்து நிற்பது தெரிந்தது. அவள் திறக்கவில்லை. முதலில் பதில்தான் சொன்னாள், மரியாதையான, சின்னப் பிள்ளைக் குரலில், பிரெஞ்சில்.

"இன்னும் இல்லை, ஐயா."

தரணி இன்னும் எதுவும் கேட்டிருக்கவில்லை.